இலிதியம் பற்றரிக்கு மலிவான சார்ஜர்: கொழும்பில் எதை நம்பி வாங்கலாம்?

ட்ரோன், ரிமோட் கார், பாடசாலை மாணவர்களின் ரொபோ, மின்வெட்டு நேரத்தில் ரவுட்டரை இயக்க வீட்டிலேயே செய்துகொண்ட மின்வழங்கி என்று எதற்காக இலிதியம் பற்றரி வாங்கினாலும், அதற்கான சார்ஜர் பெரும்பாலும் கடைசியாக, கையில் மிஞ்சிய பணத்துக்கு வாங்கப்படும் பொருளாகவே இருந்துவிடுகிறது. கைத்தொலைபேசியோடு வந்த பழக்கம் இதற்கு ஒரு காரணம். தொலைபேசியில் பற்றரியோடு சேர்ந்தே ஒரு பாதுகாப்புச் சுற்று இருக்கிறது. மின்னேற்றத்தைக் கட்டுப்படுத்தும் சில்லும் தொலைபேசிக்குள்ளேயே இருக்கிறது. நாம் சுவரில் செருகி ‘சார்ஜர்’ என்று அழைப்பது வெறும் மின்வழங்கிதான். ட்ரோன்களுக்கும் கார்களுக்கும் விற்கப்படும் லைப்போ (இலிதியம் பொலிமர்) பொதிகளுள் பெரும்பாலானவற்றில் இந்த இரண்டுமே கிடையா. சில கலங்கள், இரண்டு தடித்த வயர்கள், ஒவ்வொரு கலத்தையும் தனித்தனியே அளந்து சமன்செய்ய உதவும் ஒரு சிறிய வெள்ளை நிறப் பலன்ஸ் பிளக் என்பவற்றோடு பொதி முடிந்துவிடுகிறது. ஒரு கலம் எந்த வோல்ற்றளவில் நிறுத்தப்பட வேண்டும் என்பதை அறிந்த ஒரே பொருள் சார்ஜர்தான்; அது தவறினால், அதற்குப் பின்னால் நின்று தடுப்பதற்கு வேறெதுவும் இல்லை.

ஆகவே மலிவான சார்ஜர் ஒன்றை மதிப்பிடும்போது, பெட்டியில் அச்சிடப்பட்ட வாற்று எண்ணிக்கையையும் திரையின் அழகையும் பின்னுக்குத் தள்ளிவிட்டு, ஒவ்வொரு கலத்தின் வோல்ற்றளவையும் அது எவ்வளவு சரியாக அளக்கிறது, அந்தத் துல்லியத்தை எவ்வளவு காலம் காப்பாற்றுகிறது என்ற கேள்வியையே முதலில் எழுப்ப வேண்டும். கொழும்பில் தேடுபவருக்குக் குறைந்த விலையில் அகப்படும் தெரிவுகள் ஏறத்தாழ நான்கு. புறக்கோட்டைக் கடைகளிலும் இணைய விற்பனையிலும் எங்கும் காணப்படும், நீல உலோகப் பெட்டியில் வரும் ஐமாக்ஸ் பி6 சார்ஜரின் போலிகள் முதலாவது. அதே பி6 இன் உண்மையான ஸ்கைஆர்சி தயாரிப்பு இரண்டாவது. பலன்ஸ் பிளக்கை மட்டும் செருகிச் சார்ஜ் செய்யும் சிறிய பி3 வகை மூன்றாவது. சுவர் மின்சாரத்தை நேரடியாக ஏற்காமல் நேரோட்டத்தை (டி.சி.) மட்டும் உள்ளீடாகக் கொள்ளும் டூல்கிட்ஆர்சி எம்6, ஐ.எஸ்.டி.டி. கியூ6 நானோ போன்ற புதிய தலைமுறைச் சார்ஜர்கள் நான்காவது. பி6 என்ற பெயர் இத்துறையில் அவ்வளவு ஆழமாக ஊன்றிவிட்டதால், நான்கையுமே ‘பி6’ என்று சொல்லும் கடைக்காரர்களும் உண்டு. வாங்கச் செல்பவர் மொடல் பெயரைத் தானே வாசித்துப் பார்ப்பது நல்லது.

சாதாரண லைப்போ கலம் 4.20 வோல்ற்றில் நிறைவடைகிறது. சார்ஜர் முதலில் மாறாத மின்னோட்டத்தைச் செலுத்தி, கலம் அந்த அளவைத் தொட்டதும் வோல்ற்றளவை அங்கேயே நிலைநிறுத்தி, மின்னோட்டம் தொடக்க அளவின் பத்திலொரு பங்குக்குக் கிட்டவாக இறங்கும் வரை காத்திருந்து முடிக்கிறது. கல உற்பத்தியாளர்களின் தரவுத்தாள்கள் இந்த 4.20 க்கு வழமையாக 0.05 வோல்ற் மட்டுமே மேலும் கீழும் இடம் தருகின்றன. எனினும் மேல்நோக்கிய பிழையும் கீழ்நோக்கிய பிழையும் ஒரே எடை கொண்டவை அல்ல. 4.15 இல் நின்றுவிடும் சார்ஜர் பறக்கும் நேரத்தில் சிறிதளவைப் பறிக்கிறது. பதிலுக்குப் பற்றரியின் ஆயுளைக் கூட்டுகிறது. 4.25 ஐயும் தாண்டிச் செல்லும் சார்ஜரோ, இலிதியம் எதிர் மின்வாயின் மேல் உலோகமாகப் படிவதற்கும், மின்பகுபொருள் சிதைந்து வாயு உண்டாகிப் பொதி வீங்குவதற்கும் வழிவிடுகிறது. குறைவாக நிறுத்தும் சார்ஜரைப் பொறுத்துக்கொள்ளலாம். கூட்டி நிறுத்துவதை ஒருபோதும் பொறுக்க முடியாது என்பதே என் நிலைப்பாடு.

இந்த இடத்தில்தான் மலிவுக்கும் நம்பகத்துக்கும் இடையிலான உண்மையான முரண்பாடு தொடங்குகிறது. தொடராக இணைக்கப்பட்ட கலங்களை அளப்பது தனிக் கலத்தை அளப்பதைப் போல எளிதன்று. மூன்று கலப் பொதியில் மேலேயுள்ள கலத்தின் நேர்முனை, பொதியின் எதிர்முனையிலிருந்து 12.6 வோல்ற் உயரத்தில் இருக்கிறது; ஆறு கலப் பொதியில் அது 25.2 வோல்ற். சார்ஜருக்குள் இருக்கும் சில்லு அவ்வளவு உயர்ந்த வோல்ற்றளவை நேரடியாக வாசிக்க முடியாததால், தடையிகள் அதைக் குறைத்துக் கொடுக்கின்றன. அடுத்தடுத்த இரண்டு வாசிப்புகளின் வேறுபாடே ஒரு கலத்தின் வோல்ற்றளவாகத் திரையில் தெரிகிறது. மொத்த அளவில் ஆயிரத்திலொரு பங்கு பிழை நேர்ந்தாலும், 25.2 வோல்ற்றில் அது 25 மில்லிவோல்ற். அந்தப் பிழை முழுவதும் ஒரே கலத்தின் தலையில் விழுகிறது. சந்தையில் மலிவாகக் கிடைக்கும் சாதாரண தடையிகள் 1 வீத வழுவோடு வருபவை. அவற்றை வைத்தே சரியான சார்ஜரைச் செய்ய முடியும். ஆனால் தொழிற்சாலையில் ஒவ்வொன்றையும் துல்லியமாக அறியப்பட்ட, நம்பகமான மேற்கோள் வோல்ற்றளவோடு ஒப்பிட்டு, திருத்தக் காரணிகளைச் சில்லில் பதிய வேண்டும். போலி தயாரிப்பவர் மிச்சம் பிடிக்கும் முதலிடம் இந்தப் படிநிலைதான். கண்ணுக்குத் தெரியாத வேலை என்பதால், அதை விட்டுவிட்டாலும் பெட்டியின் தோற்றம் மாறுவதில்லை.

பி6 போலிகளைப் பற்றி ஒருவர் ‘எனக்கு ஒரு குறையும் இல்லை’ என்றும், இன்னொருவர் ‘பொதியை வீங்க வைத்துவிட்டது’ என்றும் சொல்வதற்குக் காரணமும் இதுவே. இருவரும் உண்மையையே சொல்கிறார்கள். ஒரே கடையில், ஒரே நாளில் வாங்கிய இரண்டு போலிகள்கூட ஒரே மாதிரி அளக்க வேண்டிய அவசியமில்லை. பழைய பி6 இன் வடிவமைப்பு மோசமானதன்று. பல ஆண்டுகள் உழைக்கக்கூடியதுதான். சீலி சார்ஜர் என்ற திறந்தமூல மென்பொருளைப் பி6 இலும், பொருத்தமான சில்லுள்ள போலிகள் சிலவற்றிலும் ஏற்றி, கலங்களின் அளவீட்டைக் கையாலேயே திருத்திக்கொள்ளவும் முடியும். மின்னணுவியல் படிக்கும் பல்கலைக்கழக மாணவருக்கு அது நல்லதொரு பயிற்சி. பெட்டியைத் திறக்காமல் உள்ளே எந்தச் சில்லு இருக்கிறது என்று தெரியாது என்பதால், அந்த நம்பிக்கையில் மட்டும் போலியை வாங்குவதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

எந்தச் சார்ஜரை வாங்கினாலும் செய்துபார்க்க வேண்டிய சோதனை ஒன்று உண்டு. மின்னேற்றம் முடிவை நெருங்கி, மின்னோட்டம் நன்றாகக் குறைந்த நேரத்தில், பலன்ஸ் பிளக்கின் பின்புறத்தில் வயர்கள் நுழையும் துளைகளுக்குள் பல்மானியின் (மல்டிமீற்றரின்) கூரிய முனைகளை ஒன்றையொன்று தொடாதபடி மெல்ல வைத்து, கலம் கலமாக அளந்து, திரையில் தெரியும் எண்களோடு ஒப்பிட வேண்டும். முனைகள் வழுக்கி ஒன்றோடொன்று தொட்டால் குறுஞ்சுற்றாகும். கை நடுக்கம் உள்ளவர்கள், பிளக்கின் ஒவ்வொரு முனையையும் தனித்தனியே வெளியே கொண்டுவரும் நீட்டிப்பு வயர் ஒன்றைப் பயன்படுத்தலாம். இப்போது இன்னொரு சிக்கல் எழுகிறது. பலருடைய வீடுகளிலும் இருக்கும் மஞ்சள் நிற டி.டி.830 வகைப் பல்மானியின் துல்லியம், வாசிப்பின் 0.5 வீதமும் கடைசி இலக்கத்தில் இரண்டு எண்ணிக்கையும் ஆகும். 20 வோல்ற் வீச்சில் 4.20 ஐ அளக்கும்போது அது 21 மில்லிவோல்ற்றும் 20 மில்லிவோல்ற்றும் சேர்ந்து, மொத்தம் 41 மில்லிவோல்ற் வரை விலகலாம். எடைக்கல்லே சரியில்லாதபோது தராசின் முள் நேராக நின்றும் பயனில்லை. 30 மில்லிவோல்ற் பிழையை அந்த மீற்றரைக் கொண்டு நிரூபிக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது.

ஆனால் அதே மலிவான மீற்றர் வேறொரு கேள்விக்கு நம்பத்தகுந்த விடை தரும். அதன் பிழை எல்லாக் கலங்களுக்கும் ஏறக்குறைய ஒரே பக்கமாக, ஒரே அளவாகவே இருக்கும். ஆகவே திரை மூன்று கலங்களையும் 4.20 என்று காட்டும்போது மீற்றர் முறையே 4.19, 4.19, 4.24 என்று காட்டினால், அந்த எண்கள் தனித்தனியே உண்மையாக இல்லாவிடினும், மூன்றாவது கலம் மற்றவற்றைவிடக் கூடுதலாக ஏற்றப்பட்டிருக்கிறது என்பது உறுதி. சமன்செய்வதாகக் கூறிக்கொண்டு கலங்களைச் சமனற்றதாக்கும் சார்ஜர் அது. கடையில் திருப்பிக் கொடுப்பதற்கு இந்த ஒரு காரணமே போதும். முழுமையான அளவையும் சரிபார்க்க விரும்புபவர்கள், ஏ.டி.584 சில்லைக் கொண்ட சிறிய மேற்கோள் பலகை ஒன்றை வாங்கலாம், 2.5, 5, 7.5, 10 வோல்ற் ஆகிய நான்கு அளவுகளையும் அது தரும். பாடசாலைக் கழகம் ஒன்று ஒரு பலகையை வாங்கி எல்லோருடைய மீற்றரையும் அதில் சரிபார்த்துக்கொள்வது சிக்கனமான வழி.

உண்மையான ஸ்கைஆர்சி பி6 ஐ அதன் பாதுகாப்பு முத்திரையிலுள்ள குறியீட்டை நிறுவனத்தின் இணையத்தளத்தில் சரிபார்த்து இனங்காணலாம். அளவீட்டில் நம்பகமானது, பழுதுபார்ப்பதற்கான தகவல்களும் ஏராளம். ஆனால் அதன் வயது தெரியத் தொடங்கிவிட்டது. 50 வாற்று வரம்பு, மூன்று கல 5000 மில்லிஅம்பியர்மணிப் பொதியை ஒரு மணிநேர வேகத்தில் ஏற்றத் தேவையான 63 வாற்றுக்குப் போதாது. ஆறு கலப் பொதிக்கு ஏறத்தாழ 2 அம்பியருக்கு மேல் கிடைக்காது. இதைவிட முக்கியமானது உள்ளீட்டு எல்லை. பி6 ஏற்பது 11 முதல் 18 வோல்ற் வரைதான். வீட்டில் சும்மா கிடக்கும் பழைய மடிக்கணினி அடப்டர்களிற் பெரும்பாலானவை 19 அல்லது 19.5 வோல்ற் தருபவை. பிளக் கச்சிதமாகப் பொருந்துகிறது, திரையும் ஒளிர்கிறது என்பதற்காக அவற்றை இணைப்பது, சார்ஜரை அதன் எல்லைக்கு அப்பால் ஓட்டுவதாகும். 12 வோல்ற், 6 அம்பியர் கொண்ட நல்ல மின்வழங்கி அதற்குப் பொருத்தமானது.

பி6 இன் இன்னொரு பலவீனம் நம் காலநிலையில் கூடுதலாகத் தெரியும். இலிதியம் பற்றரியை முழுமையாக ஏற்றிய நிலையில் சூட்டில் வைத்திருப்பது அதை விரைவில் முதுமையாக்கும். பயன்படுத்தாத நாட்களில் கலத்துக்கு 3.80 முதல் 3.85 வோல்ற் வரையான சேமிப்பு நிலைக்கு இறக்கி வைக்க வேண்டும். கொழும்பில் வீட்டுக்குள் வெப்பநிலை ஆண்டு முழுவதும் 30 பாகையை ஒட்டியே இருப்பதால், இதைப் புறக்கணித்தால் பொதி பறக்காமலேயே கிழடாகிவிடும். பி6 இன் மின்னிறக்க வலு 5 வாற்று மட்டுமே. முழுமையாக ஏற்றிய மூன்று கல 5000 மில்லிஅம்பியர்மணிப் பொதியைப் பாதியளவுக்கு இறக்குவதற்கு ஐந்து மணிநேரத்துக்கு மேலாகும். மழை வந்து பறப்பை நிறுத்திய மாலையில், நாலைந்து பொதிகளோடு வீடு திரும்பியவர் அவ்வளவு நேரம் காத்திருப்பாரா என்பது சந்தேகமே.

பி3 வகையை ஏளனமாகப் பார்க்கும் வழக்கம் உண்டு. அது முற்றிலும் நியாயமானதன்று. இரண்டு அல்லது மூன்று கலப் பொதிகளுக்கு மட்டுமேயான இந்தச் சிறிய பெட்டியில் தெரிவு செய்வதற்கு எதுவுமில்லை. ஆகவே தவறாகத் தெரிவு செய்வதற்கும் எதுவுமில்லை. ஒவ்வொரு கலத்துக்கும் தனித்தனிச் சார்ஜ் சுற்று இருப்பதால், மேலே சொன்ன தொடர் அளவீட்டுச் சிக்கல் இதற்கு எழுவதில்லை. பிழை அந்தந்தச் சுற்றோடு நின்றுவிடும். தனிக் கலத்தை ஏற்றும் சில்லுகளுள் நன்கறியப்பட்ட டி.பி.4056 ஐ எடுத்துக்கொண்டால், அதன் தரவுத்தாள் 1.5 வீதத் துல்லியம் தருவதாகக் கூறுகிறது, அது 4.137 முதல் 4.263 வோல்ற் வரையான வீச்சு. பெரும்பாலான சில்லுகள் நடுவிலேயே அமையும் என்றாலும், மேல் விளிம்பு வசதியானதன்று. திரை இல்லாததால், எந்த வோல்ற்றளவில் நின்றது என்பதை மீற்றரால் அளந்துதான் அறிய வேண்டும். 2200 மில்லிஅம்பியர்மணிப் பொதிக்கு இரண்டு மூன்று மணிநேரம் எடுக்கும். சேமிப்பு நிலை என்பதே அதற்குத் தெரியாது. பாடசாலை ரொபோவுக்கு ஒரேயொரு சிறிய பொதி வைத்திருப்பவருக்கு இவை பெரிய குறைகளல்ல.

எனினும் பி3 இலும், சுவர் மின்சாரத்தை நேரடியாக ஏற்கும் பி6ஏசி போலிகளிலும், இன்னொரு கவலை ஒளிந்திருக்கிறது. 230 வோல்ற்றைக் கையாளும் பகுதி அதே சிறிய பெட்டிக்குள் இருக்கிறது. உயர் வோல்ற் பகுதிக்கும் தாழ் வோல்ற் பகுதிக்கும் இடையே இருக்க வேண்டிய இடைவெளியிலும் காப்பிலும் மலிவான தயாரிப்பாளர் சிக்கனம் பிடித்தால், அதை வெளியிலிருந்து காண முடியாது. உலோகப் பெட்டியுடைய சார்ஜர் இரட்டை முனைப் பிளக்கோடு வந்தால், அதற்குப் புவித்தொடுப்பும் இல்லை என்பது பொருள். ஏப்ரல் மாதத்திலும், ஒக்ரோபர், நவம்பர் மாதங்களிலும் பின்னேரங்களில் இடிமின்னல் தொடங்கியதும் தொலைக்காட்சியின் பிளக்கைக் கழற்றும் நாம், சார்ஜரை மல்டி பிளக்கிலேயே விட்டுவிடுகிறோம். மின்சாரம் போய்த் திரும்பி வரும் கணத்தில் ஏற்படும் ஏற்ற இறக்கமும் இந்தப் பகுதியையே முதலில் தாக்கும். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி போன்ற கடலோர மாடிக் குடியிருப்புகளில் உப்புக்காற்று பலன்ஸ் பிளக்கின் தொடுகைகளில் படிந்து தடையைக் கூட்டும். அது எல்லாச் சார்ஜர்களுக்கும் பொதுவான சிக்கல் என்றாலும், முழு மின்னோட்டத்தையும் அந்த மெல்லிய முனைகளூடாகவே அனுப்பும் பி3 க்கு அது கூடுதலாக உறைக்கும்.

இந்தக் காரணங்களால்தான், மின்வழங்கியையும் சார்ஜரையும் இரண்டாகப் பிரித்து வைக்கும் நான்காவது தெரிவை நான் முதலிடத்தில் வைக்கிறேன். சுவர் மின்சாரத்தோடு மோதும் வேலையை, அதற்கென்றே தரச்சான்றுகளோடு செய்யப்பட்ட ஒரு மடிக்கணினி அடப்டரிடம் ஒப்படைத்துவிடலாம். அது எரிந்தால் அதை மட்டும் மாற்றினால் போதும்; பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் அடப்டர் தேடிப் பிடிப்பது கடினமன்று. டூல்கிட்ஆர்சி எம்6 7 முதல் 28 வோல்ற் வரையும், கியூ6 நானோ 7 முதல் 32 வோல்ற் வரையும் ஏற்பதால், பி6 க்கு ஒவ்வாத 19.5 வோல்ற் அடப்டர் இவற்றுக்கு ஒத்துப்போகிறது. எம்6 150 வாற்று, கியூ6 நானோ 200 வாற்று என்று சொல்லப்பட்டாலும், 90 வாற்று அடப்டரில் இணைத்தால் 75 முதல் 80 வாற்று வரைதான் எதிர்பார்க்க வேண்டும். அடப்டர் திணறி நின்றுவிடாதபடி, சார்ஜரின் அமைப்புகளில் உள்ளீட்டு எல்லையை முன்கூட்டியே குறைத்து வைக்க வேண்டும். அந்த 75 வாற்றே மூன்று கலப் பொதிகளை வைத்திருப்பவருக்குத் தாராளம். கலங்களின் அகத்தடையையும் (கலத்துக்குள்ளேயே மின்னோட்டத்துக்கு இருக்கும் தடை) இவை காட்டுவதால், ஒரு கலம் மட்டும் தளர்ந்து வருவதை வீங்குவதற்கு முன்னரே கண்டுகொள்ளலாம்.

இவற்றிலும் குறை உண்டு. சிறிய பெட்டிக்குள் பெரிய வலுவை அடக்கியிருப்பதால், மின்விசிறி கீச்சிடும். தூசி அடைத்து அது நின்றுவிட்டால் சார்ஜரே வலுவைக் குறைத்துக்கொள்ளும். அதைவிடக் கவனிக்க வேண்டியது, இவை தரும் சுதந்திரம். நிறைவு வோல்ற்றளவைப் பயனரே மாற்றலாம், 4.35 வோல்ற் வரை ஏற்றும் உயர் வோல்ற் லைப்போ வகையும் பட்டியலில் சாதாரண லைப்போவுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. விரல் ஒரு படி தவறினால், மிகத் துல்லியமான சார்ஜர் மிகத் துல்லியமாகத் தவறான வோல்ற்றளவுக்கு ஏற்றிவிடும். பலர் சேர்ந்து பயன்படுத்தும் கழகத்தில், தொடக்கப் பொத்தானை அழுத்துவதற்கு முன் கல வகையையும் கல எண்ணிக்கையையும் உரக்க வாசிக்கும் வழக்கத்தைக் கட்டாயமாக்குவது நல்லது.

சுவர் மின்சாரப் பகுதியும் உள்ளேயே இருக்கும் ஹோட்டா டி6 ப்ரோ போன்றவை நன்றாகவே செய்யப்பட்டவை. ஆனால் அவற்றின் விலை ‘மலிவு’ என்ற சொல்லுக்குள் அடங்காது. ஆறு கலப் பொதிகள் பலவற்றை ஒவ்வொரு வார இறுதியிலும் பறக்கவிடுபவர் அங்கே போகலாம்; மற்றவர்களுக்குத் தேவையில்லை.

ஒரே ஒரு இரண்டு அல்லது மூன்று கலப் பொதி வைத்திருக்கும் மாணவருக்குப் பி3 போதும். முதல் சில மின்னேற்றங்களின் முடிவில் ஒவ்வொரு கலத்தையும் அளந்து பார்த்து, தரையோட்டின் மேல் வைத்து, ஆள் இருக்கும்போது மட்டும் பயன்படுத்த வேண்டும். மூன்று அல்லது நான்கு கலப் பொதிகள் பலவற்றை வைத்திருப்பவர், எம்6 அல்லது கியூ6 நானோவை ஒரு தரமான அடப்டரோடு சேர்த்து வாங்கட்டும். போலி பி6 ஐயும் அதற்கொரு மின்வழங்கியையும் வாங்கும் செலவோடு ஒப்பிட்டால், கூடுதலாகும் தொகை ஒரு நல்ல பொதியின் விலையை எட்டுவது அரிது. உண்மையான பி6 ஐ நியாயமான விலைக்கு யாராவது கைமாற்றினால் மறுக்கத் தேவையில்லை. போலி பி6 ஐ ஏற்கெனவே வாங்கிவிட்டவர் அதைத் தூக்கியெறிய வேண்டியதில்லை: கலங்கள் ஒன்றுக்கொன்று 10 மில்லிவோல்ற்றுக்குள் ஒத்துப்போவதை மீற்றர் காட்டி, நம்பகமான மேற்கோளோடு ஒப்பிட்ட அளவில் 4.20 ஐத் தாண்டாமலும் இருந்தால், அது நல்ல பிரதி. சூட்டிலும் காலத்திலும் அளவு நகரக்கூடும் என்பதால் சில மாதங்களுக்கு ஒருமுறை மீண்டும் அளந்தால் போதும்.

2022 இன் நீண்ட மின்வெட்டுகளுக்குப் பின்னர் ரவுட்டருக்காக 18650 எனப்படும் உருளை வடிவ இலிதியம் கலங்களையோ இலிதியம் இரும்பு பொசுபேற்றுக் கலங்களையோ கொண்டு பொதி கட்டியவர்களுக்குக் கணக்குச் சற்று வேறு. இரும்பு பொசுபேற்றுக் கலத்தின் நிறைவு வோல்ற்றளவு 3.65 தான், ஆகவே 4.20 க்கு மட்டுமேயான பி3 ஐ அதில் ஒருபோதும் இணைக்கக்கூடாது. பொதிக்குள்ளேயே பாதுகாப்புப் பலகை பொருத்தியிருந்தால், இரண்டாவது காவல் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. பலன்ஸ் வயர் வெளியே வராத அத்தகைய பொதிக்கு, சரியான மொத்த வோல்ற்றளவில் நிற்கும் மாறா மின்னோட்ட, மாறா வோல்ற்றளவுச் சார்ஜர் ஒன்றே போதுமானது.